லினக்ஸ் கெர்னலின் சிஎம்ஏ: ஐந்துக்கு நாலு மதிப்பெண்

மொரிஷியஸில், குவாத்ர் போர்ன் பக்கம் கோயில் விழாக்களை நேரலையாகக் காட்டுகிறேன். ஒரு ஜிபி நினைவகமுள்ள ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி, ஒரு கேமரா, அவ்வளவுதான் முதலீடு.

1080பி காட்சியில் ஒரு ஃபிரேமுக்கே சுமார் 3 எம்பி நினைவகம் வேண்டும், அதுவும் துண்டுபடாமல் ஒரே தொடராக. 2012-இல் லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 3.5 பதிப்பில் வந்த சிஎம்ஏ, அதாவது தொடர் நினைவகம் ஒதுக்கும் வசதி, பூட் ஆகும்போதே இதற்காக நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கிவிடும். கல்யாணம் இல்லாத நாளில் மண்டபத்தில் பிள்ளைகள் பந்தாடுவதுபோல, நகர்த்தக்கூடிய பக்கங்கள் (நினைவகத்தின் சிறு துண்டுகள்) அங்கே இருந்துகொள்ளலாம். கேமரா கேட்டதும் காலி செய்ய வேண்டும்.

'பின்' (pin) செய்யப்பட்ட, அதாவது இடம் மாறாதபடி பூட்டப்பட்ட பக்கம் மட்டும் நகராது. அப்போது வெளியே எவ்வளவு நினைவகம் காலியாக இருந்தாலும் ஒதுக்கீடு தோற்கலாம். தைப்பூசக் காவடி ஊர்வலத்தின் நடுவே எனக்குப் படம் நின்றது இப்படித்தான். பார்த்துக்கொண்டிருந்த பாட்டிகளுக்கு யார் விளக்குவது!

எனக்குப் பிடித்த மாற்றம் 5.13 பதிப்பில் வந்தது: எத்தனை பக்கங்கள் கிடைத்தன, எத்தனை தோற்றன என்று சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) பார்க்கலாம். கெர்னலைக் கட்டும்போது அந்த வசதியை இயக்கியிருக்க வேண்டும், அதுதான் எரிச்சல்.

சரி, இடத்தைக் கூட்டினால் போதாதா? கூட்டலாம். ஆனால் அங்கே கெர்னலின் நகராத பக்கங்களுக்கு அனுமதி இல்லை; கூட்டக் கூட்ட அவற்றுக்கு இடம் குறையும். சின்ன போர்டில் அளவோடு கொடுங்கள்.