தொழிலைக் கேட்ட லேப்

பாம்பனிலிருந்து முதல் பஸ்ஸில், வெறும் வயிற்றோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு சுகர் வந்து 11 வருஷம். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடியில் இருக்கிற சின்ன லேப்.

ரத்தம் எடுக்க வந்த அக்கா ஊசியைத் தொடும் முன்பே கேட்டார்: "ஐயா, என்ன தொழில் பாக்குறீங்க?"

"கடல் தொழில்தாம்மா. வலையும் கட்டுவேன்."

"வலைக்கு ஈயம் நீங்களே உருக்குவீங்களா?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலம் 61 நாளும் எங்கள் வீட்டில் வலை வேலைதான். பழைய வலையிலிருந்து கழற்றிய ஈயத்தை அப்பா கொல்லையில் இரும்புச் சட்டியில் உருக்கி வார்ப்பார். அடிக்கயிற்றில் மாட்டிய குண்டைப் பல்லால் கடித்து இறுக்குவார். எடுத்துப் பார்த்தால் நடுவில் இரண்டு பல் பதிந்த பள்ளம் இருக்கும். அதே கையோடு ஒரு பீடி.

கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னார் அந்த அக்கா. தோலில் ஒட்டிய ஈயத் தூசி சாம்பிளில் கலந்தால் கணக்கு தப்பிவிடுமாம். ஈயத்துக்குத் தனி டியூப். பேர் ஒட்டாத நாட்டு மருந்துப் பொடி, செந்தூரம் ஏதும் சாப்பிடுகிறாரா என்றும் கேட்டு எழுதிக்கொண்டார்.

உடம்புக்குள் போன ஈயம் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மிச்சம் எலும்பில் பல வருஷம் தங்கிவிடும். பீடிப் புகையில் வரும் காட்மியம் என்ற உலோகம் கிட்னியிலேயே பத்து, இருபது வருஷம் உட்கார்ந்துகொள்ளும். சுகர் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கிற கிட்னிக்கு இதெல்லாம் மேலும் ஓர் அடி. அது பழுதாகப் பழுதாக ஈயம் வெளியேறுவதும் குறையும் என்றார் டாக்டர்.

இந்த லேபுக்கு நான் ஒரு ஸ்டார் குறைத்ததற்குக் காரணம் அவர்களுடைய சுகர் பேக்கேஜ். அதில் ரத்தத்தில் பார்க்கிற கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) இருக்கிறது, சிறுநீர் அல்புமின் (கிட்னி பழுதானால் சிறுநீரில் கசிகிற புரதம்) இல்லை. நாமாகக் கேட்டுத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இது பெரிய தப்பு. அப்பாவுக்கு கிரியேட்டினின் 0.9. அதை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றுமில்லை என்று நிம்மதியாகத் தூங்கியிருப்போம். அல்புமின் 84 வந்தது, அதாவது சிறுநீரில் உள்ள ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 84 மில்லிகிராம். 30க்குள் இருக்க வேண்டியது. கிரியேட்டினின் ஏறுவதற்கு வெகுநாள் முன்பே இந்தக் கசிவு தொடங்கிவிடும். சுகர் இருக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதைப் பார்க்க வேண்டும், பேக்கேஜில் இல்லையென்றால் வாய் திறந்து கேளுங்கள்.

ஈயம் சென்னைக்குப் போய் 6 நாளில் வந்தது: டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம். 5ஐத் தாண்டினாலே அதிகம் என்றார் டாக்டர். ஒரே சாம்பிளை வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஈயத்தைத் தொடாமல் மூன்று மாதம் கழித்து ஈயம், அல்புமின் இரண்டையும் திரும்பப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். உருக்குவதை நிறுத்தியாகிவிட்டது. குண்டு இறுக்க ஒரு குறடு வாங்கிக் கொடுத்தேன். பீடிதான் இன்னும் போராட்டம்.

லிஃப்ட் இல்லை, படி செங்குத்து. காலில் புண் இருக்கிறவர்களோடு போனால் கீழே நின்று போன் பண்ணுங்கள், அந்த அக்காவே இறங்கி வந்து ரத்தம் எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு மேல் ஆள் இல்லை.