நைட்ரோவில் ஏறியாச்சு, அடுத்தது தஞ்சோரா

(இது 2025-ல், தஞ்சோரா திறப்பதற்கு முன் எழுதியது.) மகாராஷ்டிராவில் இமேஜிகா என்ற கேளிக்கைப் பூங்காவில் இருக்கும் நைட்ரோ ரோலர் கோஸ்டர் பற்றித்தான் இந்த ரிவ்யூ, ஆனால் எழுதும்போது மனசெல்லாம் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் இருக்கிறது. அங்கே வண்டர்லா கம்பெனி கட்டிக்கொண்டிருக்கும் கேளிக்கைப் பூங்காவில் தஞ்சோரா என்று ஒரு கோஸ்டர் வருகிறது, 2025 டிசம்பரில் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை வடிவமைப்பது சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபியார், கோஸ்டர் பைத்தியங்கள் சுருக்கமாகச் சொல்வது பி அண்ட் எம். அந்தக் கம்பெனி செய்த கோஸ்டர் இந்தியாவில் இதை எழுதும்போது ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது, அதுதான் மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயை ஒட்டி கோபோலியில் இருக்கும் நைட்ரோ. நம்ம ஊருக்கு வரப்போவது எந்தத் தரத்தில் இருக்கும் என்று இப்போதே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதில் போய் ஏறிப் பார்ப்பதுதான் வழி. தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உயரம் 40 மீட்டர், வேகம் மணிக்கு 105 கி.மீ., 5 முறை தலைகீழாகப் போகும். இதெல்லாம் எண்கள், யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஸ்டேஷனில் உட்கார்ந்து, தோளுக்கு மேலிருந்து இறங்கும் பட்டையை இழுத்து, ஊழியர் ஒவ்வொருவருடையதையும் அழுத்திப் பார்த்துக் கட்டைவிரல் காட்டியதும், காலை ஊன்றியிருந்த தரை அப்படியே விலகிப் போய்விடும். நாலு நாலு பேராக வெறும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம், வண்டிக்குத் தரையும் கிடையாது, பக்கச் சுவரும் கிடையாது என்பது அப்போதுதான் உறைக்கும். சங்கிலி டக் டக் என்று மேலே இழுக்கும்போது சுற்றிலும் சஹ்யாத்ரி மலைகள், மழைக்காலம் முடிந்த கையோடு போனதால் எங்கே பார்த்தாலும் பச்சை. உச்சியில் சங்கிலி கையை விட்டதும் ஒரு நொடி சத்தமே இருக்காது, அப்புறம் விழுகிறோம்.

விழுந்த பிறகுதான் விஷயமே. முதல் லூப்பில் உடம்பு சீட்டோடு அழுந்துகிறது, ஆனால் தலை ஆடவில்லை. கோப்ரா ரோல் என்று ஒன்று, பாம்பு படமெடுத்த வடிவத்தில் தண்டவாளம் வளைந்து, அடுத்தடுத்து இரண்டு முறை கவிழ்த்து, வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். அங்கேயும் அதே கதைதான், வேகம் இருக்கிறது, இடி இல்லை. வேறொரு ஊரில் ஒரு பழைய கோஸ்டரில் திருப்பத்துக்குத் திருப்பம் பட்டையில் தலை மோதி, காதுக் கம்மல் அழுந்தி, இறங்கும்போது காது சிவந்து வீங்கியிருந்தது. அதனால் ஏறுவதற்கு முன் கம்மலைக் கழற்றிப் பையில் வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நைட்ரோவில் அதற்கு அவசியமே வரவில்லை.

காரணம் இதுதான். தண்டவாளத்தை மட்டும் மையமாக வைத்துத் திருப்பினால், மேலே உட்கார்ந்திருப்பவரின் தலையும் நெஞ்சும் பக்கவாட்டில் வீசப்படும். பி அண்ட் எம் மாதிரி நல்ல வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சை அச்சாக வைத்து, தண்டவாளத்தை அதைச் சுற்றி முறுக்குகிறார்கள். சுழலும்போது நெஞ்சு ஏறக்குறைய ஒரே கோட்டில் போகும். கூடவே சக்கரங்கள் தண்டவாளத்தின் மேலே, பக்கத்தில், அடியில் என்று மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும். உயரத்தையும் வேகத்தையும் மட்டும் வைத்து கோஸ்டரை எடை போடுபவர்களிடம் எனக்கு இருக்கும் சண்டையே இதுதான், 40 மீட்டரை எந்தக் கம்பெனியும் கட்டிவிடும், ஆனால் இறங்கியதும் மறுபடியும் ஏறலாம் என்று தோன்ற வைப்பது இந்தக் கணக்குதான்.

பூங்காவின் மற்ற ரைடுகள் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை, நாங்கள் நைட்ரோவை விட்டு அதிக தூரம் போகவில்லை.

சரி, சென்னைக்கு வருவோம். தஞ்சோரா இதே வகை இல்லை, அது இன்வெர்ட்டட், அதாவது தண்டவாளம் தலைக்கு மேலே, நாம் அதிலிருந்து தொங்கிக்கொண்டு போவோம். இந்த வகையையே உருவாக்கியது பி அண்ட் எம்தான், 1992-ல் சிகாகோ பக்கம் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அமெரிக்காவில் பேட்மேன் தி ரைடு என்று முதலில் திறந்தார்கள். இந்தியாவில் அவர்களுடைய இன்வெர்ட்டட் இதுதான் முதல். தண்டவாளமும் கண்ணுக்கு முன்னால் இருக்காது என்பதால் முதல் வரிசையில் உட்கார்ந்தால் வெறும் வெளிதான். நைட்ரோவில் எந்த வரிசையும் பரவாயில்லை, இன்வெர்ட்டடில் அப்படி இல்லை, நடு வரிசையில் முன்னால் இருப்பவரின் சீட் முதுகுதான் தெரியும். முதல் வரிசை காட்சிக்கு, கடைசி வரிசை இறக்கத்தில் பிடித்து இழுக்கும் விசைக்கு.

வண்டர்லா தங்கள் ரைடுகளில் நிறையவற்றை கொச்சியில் தாங்களே செய்துகொள்ளும் கம்பெனி. 2000-ல் கொச்சியில் ஆரம்பித்து பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் என்று போனவர்கள், பெங்களூருவில் இருக்கும் ரீகாயில் என்ற கோஸ்டரோ டச்சு கம்பெனியான வெகோமாவின் பூமராங் வகை, ஒரே பாதையில் முன்னால் போய் அதே வழியில் பின்னால் திரும்பும். அதுவும் நல்ல அனுபவம்தான், பின்பக்கமாக லூப் போவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் உலகம் முழுக்க ஒரே அச்சில் வார்த்த வடிவம் அது. சென்னைத் திட்டமோ கேளிக்கை வரி விவகாரத்தில் வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்து, அரசு சலுகை கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. அவ்வளவு காத்திருப்புக்கு ஈடாக இந்த முறை பி அண்ட் எம்மிடம் போயிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். கட்டுமானப் படம் எது வந்தாலும் தூண்களை எண்ணுவதுதான் இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவின் முழுநேர வேலை.

தண்டவாளம் முழுதாகச் சேர்ந்துவிட்டால் உடனே திறக்க வேண்டியதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை சீட்டில் கட்டி, காலி வண்டியாகவும் பாரத்தோடும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும், பிரேக்கும் சென்சாரும் ஒவ்வொன்றாகத் தேற வேண்டும். அதற்கு எவ்வளவு நாள் ஆனாலும் ஆகட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

திறந்த பிறகு நான் கவனிக்கப்போவது கூட்ட நாளில் எத்தனை வண்டி ஓட்டுகிறார்கள் என்பதைத்தான். ஒரு வண்டி ஸ்டேஷனில் ஆள் ஏற்றும்போது இன்னொன்று மேலே போய்க்கொண்டிருந்தால் வரிசை நகரும், ஒன்றை மட்டும் ஓட்டினால் வெயிலில் நின்றே பாதி நாள் போய்விடும்.

வெயில் என்றதும் இன்னொன்று. சூடு ஏற ஏற சக்கரத்துக் கிரீஸ் இளகி கோஸ்டர் வேகமெடுக்கும், எந்தப் பூங்காவிலும் காலை முதல் சுற்றைவிட பிற்பகல் சுற்று விறுவிறுப்பாக இருப்பது இதனால்தான். அதனால் காலையில் கேட் திறந்ததும் நேராக தஞ்சோராவுக்குப் போய் கடைசி வரிசையில் ஒரு முறை, அப்புறம் தண்ணீர் ரைடுகளை முடித்துவிட்டு, காய்ந்த சட்டையோடு மாலையில் முதல் வரிசைக்காக நின்று இன்னொரு முறை. சனி ஞாயிறு வேண்டாம், வார நாளில் லீவு போடுங்கள்.

நைட்ரோவுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. நைட்ரோவிலும் ஏறிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் புனேவுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள்.