ஆறு வருஷம் புழங்கிப் பார்த்தோம்: வீட்டில் நிலைத்தவையும் பரணுக்குப் போனவையும்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அந்த வாரம் பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைக் கடைக்கு வழக்கம்போல வெறுங்கையோடு போய் நின்றேன். "பை கொண்டாரலியாம்மா?" என்று அண்ணாச்சி கேட்டார். அரைக்கிலோ சின்ன வெங்காயத்தைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். பிளாஸ்டிக்கையும் குப்பையையும் குறைத்து வாழும் முயற்சி அன்றைக்குத் தொடங்கியதுதான், ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என்னென்ன வாங்கினீர்கள், எது தாக்குப்பிடித்தது, எதில் காசு வீணானது என்று சொந்தக்காரர்களும் கூட வேலை பார்ப்பவர்களும் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கும் மகள், அப்புறம் அத்தை.

முதலில், நிலைக்காதவை. மூங்கில் டூத்பிரஷ், ஸ்டீல் உறிஞ்சுகுழல், தேன்மெழுகு தடவிய துணி எல்லாம் கூரியரில் வந்தன. மூங்கில் பிரஷின் அடி எங்கள் குளியலறை ஈரத்தில் ஒரே மாதத்தில் பூஞ்சை பிடித்துக் கறுத்தது, அதன் நாரும் நைலான்தான். உறிஞ்சுகுழல் எங்களுக்குத் தேவையே இல்லை, இளநீரையும் மோரையும் தூக்கிக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். மெழுகுத் துணி சித்திரை வெயிலில் பிசுபிசுத்துப்போய் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டது. தட்டைக் கவிழ்த்து மூடினால் அதே வேலை நடக்கிறது. ஒவ்வொன்றும் அட்டைப்பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் காற்றடைத்த பிளாஸ்டிக் உறை என்று வந்ததைப் பார்த்தபோதே யோசித்திருக்க வேண்டும். வாங்கிய காசும் போய், பரணில் இடமும் போனது.

நிலைத்தவற்றில் எனக்குப் பெரியது மண்பானை. அம்பாசமுத்திரம் சாலையில் பத்தமடை, சேரன்மகாதேவி எல்லாம் தாண்டினால் காருகுறிச்சி. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கே வாங்கிய பானை இப்போது மூன்றாவது. முதல் பானையை நான்தான் பாழாக்கினேன், பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்துவிட்டேன். மண் அதைக் குடித்துவிட்டு வாரக்கணக்கில் தண்ணீரில் சோப்பு வாடை வீசியது. தேங்காய் நாரும் வெறும் தண்ணீரும் போதும், பத்து நாளுக்கு ஒருமுறை கழுவி நல்ல வெயிலில் காயப்போட்டால் துளைகள் திறந்துகொள்ளும். பானை குளிர்விப்பதே அந்தத் துளை வழியாகக் கசியும் தண்ணீர் ஆவியாவதால்தான். நம் தண்ணீரில் உள்ள உப்பு நாள்பட அந்தத் துளைகளை அடைத்துவிடும். அதனால் வருஷம் ஒன்றரை வருஷத்தில் பானை பழையபடி குளிராது. அப்போது அதை வீசாமல் செடி வைக்கவோ, நாங்கள் செய்வதுபோல உரப்பானையாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

நான் கவனித்த இன்னொரு விஷயம். எல்லோரும் பங்குனி, சித்திரையில்தான் பானை வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் பானைத் தண்ணீர் மிகவும் குளிர்ந்து இருப்பது ஆனி, ஆடியில். ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வந்து கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காய்ந்த காற்று பானையையும் சுற்றி அடிப்பதால் ஆவியாவது வேகமாக நடக்கிறது. பானையைக் காற்று வரும் ஜன்னல் பக்கம் வையுங்கள், அடுக்களை மூலையில் வைத்துவிட்டுக் குளிரவில்லை என்று சொல்லாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எங்கே வைத்தாலும் பெரிதாகக் குளிராது, அப்போது நமக்கும் குளிர்ந்த தண்ணீர் தேவைப்படுவதில்லை.

சரி, உரம். இதைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், இதில்தான் அதிகம் பேர் பாதியில் விடுகிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குக் காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், டீத்தூள், கறிவேப்பிலைக் காம்பு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ வருகிறது. முதலில் மூன்றடுக்கு உரத்தொட்டி ஒன்றை ஒரு கம்பெனியிடமிருந்து கூரியரில் வரவழைத்தேன், விரிசலோடு வந்தது, மாற்றித் தரவில்லை. அப்புறம் 20 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டை எடுத்து, அடியிலும் பக்கவாட்டிலும் துளை போட்டுத் தொடங்கினோம். மூன்றாவது வாரம் நாற்றம். நாலாவது வாரம் புழு. "என்னட்டி இது, புறவாசல்ல நெளிஞ்சுக்கிட்டு கிடக்கு! வீட்டுல மனுசங்க இருக்கணுமா வேண்டாமா?" என்று அத்தை கோபப்பட்டார். அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது, நான் ஈரக் குப்பையை மட்டுமே போட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்றத்துக்குக் காரணம் காற்று இல்லாமல் அழுகுவது. ஒரு பங்கு ஈரக் குப்பைக்கு இரண்டு பங்கு காய்ந்தது போட வேண்டும், இதுதான் மொத்தத் தொழில்நுட்பமும். காய்ந்தது என்றால் பூவரசு, கொய்யாச் சருகு, தேங்காய் நார்த்துகள், கிழித்துப் போட்ட அட்டைப்பெட்டி. ஒரு சாக்கு நிறையச் சருகைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், அது தீர்ந்த அன்றைக்கு நாற்றம் தொடங்கும். வாரம் இரண்டு தடவை குச்சியால் கிளறுங்கள். கைப்பிடியில் எடுத்துப் பிழிந்தால் சொட்டக் கூடாது, ஆனால் ஈரம் தெரிய வேண்டும். புளித்த மோரை இரண்டு கரண்டி ஊற்றினால் வேலை வேகமாகத் தொடங்குகிறது. மீந்துபோன சொதி, எண்ணெய்க் குழம்பு, மீன் முள் இவற்றை நாங்கள் போடுவதில்லை, அவைதான் எலியையும் நாயையும் கூப்பிடும். சிரட்டை, மாங்கொட்டை, புளியங்கொட்டை மக்க வருஷக்கணக்காகும் என்பதால் தனியே எடுத்துவிடுவோம்.

புழுவைப் பற்றி ஒன்று. பழுப்பு நிறத்தில் தட்டையாகத் தடித்திருக்கும் அந்தப் புழு, குளவிபோல நீளமான கறுப்பு ஈ ஒன்றின் குஞ்சு. கடிக்காது. வளர்ந்த ஈ வீட்டுக்குள் வந்து சோற்றில் உட்காராது. அது இருந்தால் குப்பை இன்னும் சீக்கிரம் கரைகிறது. இதை அத்தையிடம் வாயால் சொல்லி ஒன்றும் ஆகவில்லை. மூன்று மாதம் கழித்து அடிவாளியிலிருந்து கறுப்பாகப் பொலபொலவென்று விழுந்த உரத்தை அவர் கையில் கொடுத்தபோது, முகர்ந்து பார்த்துவிட்டு, "முத மழை பெஞ்ச மண்ணு மாதிரில்லா இருக்கு" என்றார். அன்றிலிருந்து கிளறுவது அவர் பொறுப்பு. இப்போது வாளியை விட்டுவிட்டு, காருகுறிச்சியில் பானை செய்யும் பெரியவரிடம் சொல்லி, பச்சை மண்ணாக இருக்கும்போதே துளை போட்டுச் சுட்ட மூன்று பானைகள் வைத்திருக்கிறோம். சுட்ட பானையில் வீட்டில் துளை போட முயலாதீர்கள், உடையும். எங்கள் கறிவேப்பிலையும் கத்தரியும் நான்கு வருஷமாக வெளியில் உரம் வாங்கியதில்லை.

நான் இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. மக்கும் குப்பையைப் பிளாஸ்டிக்கோடு கட்டிக் கொடுத்தால் இரண்டும் கெடும், இரண்டையும் யாராலும் ஒன்றுக்கும் பயன்படுத்த முடியாது. கிடங்கில் அடியில் புதைந்து காற்றில்லாமல் அழுகும் குப்பை மீத்தேன் வாயுவை விடும், கோடையில் குப்பை மலைகள் பற்றி எரிவதில் அதற்குப் பங்கு உண்டு. நாங்கள் உரம் போடத் தொடங்கிய பிறகு தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் கொடுப்பது காய்ந்த, நாறாத ஒரு சின்னப் பை மட்டும். அதை அவர் வெறுங்கையால் பிரிக்கும்போது எனக்குக் கூச்சமில்லை, முன்பு இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இங்கே யாராலும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் ஏறி வந்தது. வடிந்த பிறகு குறுக்குத்துறைப் பக்கம் போனோம். ஆற்றோரத்து முட்செடிகள், நாணல், மரக்கிளைகள் எல்லாவற்றிலும் நம் தலைக்கு மேல் உயரத்தில் பாலிதீன் பைகளும் பழைய துணிகளும் தொங்கின. மகள் எண்ணத் தொடங்கி ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற வரை இந்த ஆறு பல மாவட்டங்களுக்குக் குடிதண்ணீர் தருகிறது. நாங்கள் குடிப்பதும் அதைத்தான். பாபநாசத்துக்குப் போனால் இப்போது படித்துறையில் சோப்போ ஷாம்பு பாக்கெட்டோ எடுப்பதில்லை, உடுத்திய துணியை ஆற்றில் விடுவதும் இல்லை. வெறும் தண்ணீரில் முங்கி எழுகிறோம். அத்தைக்குத் துணி விடுவது முன்னோர் வழி என்று ஒரு மனத்தாங்கல் இருந்தது, வெள்ளத்துக்குப் பிறகு அவரே விட்டுவிட்டார்.

பனை ஓலைப் பெட்டிகள் ஐந்து இருக்கின்றன. உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வாங்கப் போகும்போது வாங்கியவை. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போட இதைவிட நல்லது எதுவும் கிடையாது, காற்றோட்டம் இருப்பதால் முளைப்பதும் அழுகுவதும் குறைவு. குறை என்றால் மழைக்காலப் பூஞ்சை. ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தி எடுத்தால் போய்விடும். ஒன்று மட்டும் அடி பிய்ந்தது, அதுவும் உரப்பானைக்குள் போய்விட்டது. கறிக்கடைக்குத் தூக்குவாளி கொண்டுபோகிறோம். முதலில் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், இப்போது வாளியின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கறியை வைக்கிறார். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியபோது கிடைத்த பை இன்னும் வண்டியில் கிடக்கிறது. பை எத்தனை இருந்தாலும் வண்டியில் இருக்கிற பைதான் உதவும், வீட்டு ஆணியில் தொங்குகிற பை உதவாது.

பத்தமடைப் பாய்க்கு வருகிறேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பேர் போட்டு நெய்யும் பட்டுப்பாயைச் சொல்லவில்லை, அன்றாடம் படுக்கிற சாதாரண கோரைப்பாய். ஆற்றோரக் கோரையைக் காயவைத்து, ஊறவைத்து, கீறி நெய்கிறார்கள். கோடையில் அதில் படுத்தால் முதுகு வேர்ப்பதில்லை. மூன்றாவது வருஷம் ஓரம் பிரிந்தது, பழைய வேட்டிக்கரையை வைத்துத் தைத்தேன், இன்னும் இரண்டு வருஷம் வந்தது. கடைசியில் வெட்டிச் செடிகளுக்கு மூடாக்காகப் போட்டோம். மாடியில் வற்றல் காயப்போட முன்பு வைத்திருந்த பிளாஸ்டிக் பாய் வெயிலில் பொரிந்து, தூள் தூளாகி, பெருக்கப் பெருக்க வந்துகொண்டே இருந்தது. அந்தத் தூள் எங்கே போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

சோப்புக்குப் பதிலாக வாங்கிய பூந்திக்கொட்டை பாதி வெற்றி. பட்டுச்சேலைக்கும் வெள்ளிச் சாமானுக்கும் அருமை, தலைக்கு சீயக்காயோடு சேர்த்துத் தேய்க்கலாம். வெள்ளைச் சட்டைகள் மட்டும் மங்கிவிட்டன, பள்ளிச் சீருடைக்கு நான் சோப்புத்தூளுக்கே திரும்பிவிட்டேன். வேகவைத்த தண்ணீர் மூன்று நாளில் புளித்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மின்விசிறி மூன்று போட்டோம். பழையது 75 வாட், இது ஏறக்குறைய 30 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். மூன்றுக்கும் சேர்த்து 100 யூனிட்டை ஒட்டி வருகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடும் என்பதால் கோடையில் இது பெரிய வித்தியாசம். ஆனால் ஒன்றின் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு இடி மின்னல் நாளில் போனது, காயில் கட்டித் தரும் எங்கள் தெரு எலெக்ட்ரீஷியனால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. போர்டு உள்ளூரில் கிடைக்கிற கம்பெனியா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட சோதனை இது ஒன்றுதான்: உடைந்தால் யாரிடம் போவேன் என்று தெரிந்த பொருள் வீட்டில் தங்கியது, தெரியாதது தங்கவில்லை.

பெண்களுக்காக ஒன்று, வெளிப்படையாகவே சொல்கிறேன். மாதவிடாய்க் கப் பயன்படுத்தத் தொடங்கி நாலு வருஷம். சிலிக்கானில் செய்த சின்னக் கிண்ணம், ஒன்று பல வருஷம் வரும். முதல் மூன்று மாதம் கசிவும் பயமும் இருந்தது, மடிக்கும் விதத்தை மாற்றியதும் பழகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் முடிந்தபின் தனிப் பாத்திரத்தில் ஐந்து நிமிஷம் கொதிக்க வைத்து, துணிப்பையில் போட்டு வைப்பேன். காப்பர் டி போட்டிருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். என் மதினிக்கு இது ஒத்துவரவில்லை, அவர் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினுக்கு மாறினார், அதுவும் நல்லதுதான்.

இன்னும் எங்களால் முடியாதது பால் பாக்கெட். தினம் மூன்று அரை லிட்டர் கவர், கழுவிக் காயவைத்துச் சேர்த்து பழைய இரும்பு வியாபாரியிடம் போடுகிறோம், ஆனாலும் மாதம் 90 கவர். போன மாதத்திலிருந்து கேனில் பால் கொண்டு வரும் ஒருவரிடம் ஒன்றரை லிட்டர் வாங்கிப் பார்க்கிறோம். லிட்டருக்குக் காசு கூடுதல், காலையில் அரைமணி நேரம் தாமதமாக வருகிறார், மகளுக்குப் பள்ளிக்கூட வண்டிக்கு முன்னால் காபி கிடைப்பதில்லை. அவரிடம் பேசியிருக்கிறேன், எங்கள் தெருவில் இன்னும் நாலு வீடு சேர்ந்தால் முதலில் இங்கே வந்துவிட்டு அப்புறம் மற்ற தெருவுக்குப் போவதாகச் சொன்னார். இரண்டு வீடு சம்மதித்திருக்கிறது.