பெல்லாஜியோ போக்கர் அறை: 1-3 மேஜையில் இரண்டு இரவுகள்

பீனிக்ஸிலிருந்து லாஸ் வேகஸுக்கு ஏறத்தாழ 300 மைல். கிங்மன் வழியாகப் போய், ஹூவர் அணைப் பக்கத்துப் பாலத்தைத் தாண்டி, நடுவில் ஒரு காபிக்கு நிறுத்தினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். போன நவம்பரில் நானும் மாப்பிள்ளையும் வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பிப் போனோம். மாப்பிள்ளை என்றால் சொந்தம் இல்லை, கல்லூரியிலிருந்தே ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கூப்பிடுகிறோம். இரண்டு இரவும் பெல்லாஜியோ ஹோட்டலின் போக்கர் அறையில்தான் இருந்தோம்.

அந்த ஹோட்டலின் நீரூற்றையும், வரவேற்புக் கூடத்தின் கூரையில் இருக்கும் கண்ணாடிப் பூக்களையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது மேஜையைப் பற்றி மட்டும். புதிதாக ஓர் ஆள் போய் உட்கார்ந்தால் அங்கே எப்படி நடத்துகிறார்கள், அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி.

எனக்குச் சீட்டு கற்றுக்கொடுத்தது பெரியகுளத்தில் பெரியப்பா வீட்டுத் திண்ணை. ரம்மிதான். தீபாவளி, கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று எப்போது கூடினாலும் கட்டு வெளியே வந்துவிடும். பணம் பெரிதாக இருக்காது, ஆனால் ஒழுங்கு கறாராக இருக்கும். கீழே போட்ட சீட்டைத் திரும்ப எடுக்கக் கூடாது. அடுத்தவன் கையில் இருக்கும் சீட்டை எட்டிப் பார்த்தால் அன்றைக்கு ஆட்டத்தில் இடம் கிடையாது. பெரியப்பாவுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, "ஸ்கூட் விட்டவன் வாயைத் திறக்கக் கூடாது" என்பது. ஆட்டத்திலிருந்து விலகியவனுக்கு அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச உரிமை இல்லை. நாற்பது வருடம் கழித்து, இன்னொரு நாட்டில், இன்னொரு ஆட்டத்தில் அதே விதியை ஒரு டீலர், அதாவது மேஜையில் சீட்டுப் போடுகிற ஊழியர், எனக்குச் சொல்ல வேண்டி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முன்பு நான் வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஓர் அறை உண்டு, பெயர் வேண்டாம். அங்கே ஒருவர் தோற்கும்போதெல்லாம் டீலர் மேல் சீட்டை வீசுவார். இன்னொருவர் தன் சீட்டைப் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் காட்டி யோசனை கேட்பார். யாரும் கண்டிக்க மாட்டார்கள். ஒருநாள் வயதான ஒரு பெண்மணி கொஞ்சம் மெதுவாக ஆடினார் என்று ஒருவர் கத்த, அந்த அம்மா தன் சிப்ஸை (பணத்துக்குப் பதிலான வில்லைகளை) வாரிக்கொண்டு எழுந்து போய்விட்டார். டீலர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கையை, அதாவது அடுத்த சுற்றுச் சீட்டை, போட்டார். நான் அதற்கப்புறம் அங்கே போகவில்லை. ஐந்து மணி நேரம் கார் ஓட்டியதற்கு அந்த அம்மாவும் ஒரு காரணம்.

பெல்லாஜியோவில் முதலில் முகப்பு மேசையில் பெயரும், எந்த ஆட்டம் என்பதும் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னது 1-3 நோ லிமிட் ஹோல்டெம், அதாவது பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை. ஒவ்வொரு கைக்கும் முன்னால் இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் பிளைண்ட் ஒரு டாலரும் மூன்று டாலரும். பெயரைப் பட்டியலில் ஏற்றுவார்கள், இடம் காலியானதும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டபோது நாம் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும், அதனால் நீரூற்றைப் பார்க்கப் போவதாக இருந்தால் முதலிலேயே போய்விட்டு வாருங்கள். வார இறுதி இரவென்றால் காத்திருக்கும் மனநிலையோடு போவது நல்லது.

உட்கார்ந்ததும் 300 டாலரை எடுத்து, நம் வழக்கப்படி வலது கையால் டீலரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சிரித்தபடி விரலால் மேஜைத் துணியை இரண்டு முறை தட்டினார். பணத்தை அங்கே வைக்க வேண்டும். அவர் எடுத்து, தலைக்கு மேலே இருக்கும் கேமராவுக்குத் தெரியும்படி நோட்டுகளை விரித்து எண்ணி, அதற்கப்புறம்தான் சிப்ஸைத் தள்ளினார். கையிலிருந்து கைக்குப் பணம் மாறக் கூடாது என்பது அமெரிக்கக் கேசினோக்களின் பொது ஒழுங்கு. கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்று பின்னால் சண்டை வராமல் இருக்கத்தான். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் சொல்லிக்கொடுத்த விதம் எனக்குப் பிடித்தது. மேஜையில் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள், நான் புதிது என்பது அவர்களில் யாருக்கும் அறிவிப்பாகப் போகவில்லை.

அரை மணி நேரத்தில் அடுத்த தவறு. கையில் இரண்டு ராஜா. எனக்கு முன்னால் ஒருவர் பந்தயத்தை 15 டாலருக்கு ஏற்றியிருந்தார். நான் 100 டாலர் கறுப்புச் சிப் ஒன்றை முன்னால் வைத்து, "நாற்பத்தைந்து" என்று சொல்ல வாயெடுத்தேன். சிப் துணியில் பட்டபோதே டீலர் "கால்" என்று அறிவித்துவிட்டார். வாயால் எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பை வைத்தால், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரிக்குச் சரி போட்டதாகத்தான் கணக்கு. 85 டாலர் மீதி என் முன்னால் வந்து சேர்ந்தது. எனக்கு வருத்தம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், முதலில் சிப்பை வைத்து எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் "ரெய்ஸ்" (ஏற்றுகிறேன்) என்றோ சும்மாவோ முடிவு செய்ய விட்டால் ஆட்டம் என்ன ஆவது? இரண்டு தவணையாகச் சிப்ஸை முன்னால் தள்ளுவதையும் இதே காரணத்துக்காகத்தான் தடுக்கிறார்கள். முதலில் வாயால் சொல்லுங்கள், அப்புறம் கையை அசையுங்கள். சொன்ன சொல் உங்களைக் கட்டும், எதிராளியையும் நிம்மதியாக வைக்கும்.

இப்போது அந்த இரவின் முக்கியமான சம்பவம். மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். மாப்பிள்ளையும், எதிரே தொப்பி போட்ட எழுபது வயதுக்காரர் ஒருவரும் மட்டும் ஆட்டத்தில் இருந்தார்கள். நான் ஃப்ளாப்பிலேயே, அதாவது மேஜை நடுவில் முதல் மூன்று பொதுச் சீட்டு விழுந்தபோதே, விலகிவிட்டேன். கடைசிச் சீட்டான ரிவர் விழுந்ததும் பெரியவர் 150 டாலரை முன்னால் வைத்தார். வைக்கும்போது அவர் விரல்கள் நடுங்கின. சிப்ஸ் ஒன்றோடொன்று உரசும் சத்தம் எனக்கே கேட்டது. மாப்பிள்ளை முகவாயைத் தடவிக்கொண்டு யோசித்தான். நான் அவன் பக்கம் லேசாகச் சாய்ந்து சொன்னேன்: "மாப்ள, அவரு கை நடுங்குது பாரு."

டீலர் உள்ளங்கையை மேஜைமேல் அகல வைத்தார், ஆட்டம் நின்றது. குரலை உயர்த்தாமல் என்னிடம் சொன்னார்: கை நடக்கும்போது மேஜையில் இங்கிலீஷ் மட்டும்தான், அதுவும் ஒரு கைக்கு ஓர் ஆட்டக்காரர்தான், அடுத்தவர் யோசனை சொல்லக் கூடாது.

என் முகம் சூடானதை உணர்ந்தேன். என் மொழியைப் பேசக் கூடாது என்று ஒருவர் சொல்கிறார், வெளியூரில் அதைக் கேட்டால் யாருக்கும் முதலில் சுருக்கென்று இருக்கும். அப்படியே எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் நான் சொன்னது வெறும் பேச்சு இல்லையே. நேரடி ஆட்டத்தில் பெரிய தொகை வைக்கும்போது கை நடுங்கினால், பெரும்பாலும் அது பயம் இல்லை, பலமான சீட்டு கிடைத்த படபடப்பு. அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். என் நண்பனுக்கு 150 டாலர் மதிப்புள்ள யோசனையை, எதிரே இருப்பவருக்குப் புரியாத மொழியில் கொடுத்திருக்கிறேன். ஸ்கூட் விட்டவன் வாயைத் திறந்திருக்கிறேன். பெரியப்பா திண்ணையில் இருந்திருந்தால் டீலர் அளவுக்கு மென்மையாகச் சொல்லியிருக்க மாட்டார்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு "கால்" என்று சொல்லி 150 டாலரை வைத்தான். பெரியவரிடம் ஃபுல் ஹவுஸ் என்ற பலமான சீட்டுச் சேர்க்கை இருந்தது. அப்புறம் வெளியே தண்ணீர் குடிக்கப் போனபோது, ஏன்டா போட்டாய் என்று கேட்டேன். "நீ சொன்னதுக்கப்புறம் ஃபோல்டு பண்ணா (விலகினா) அது என் ஆட்டம் இல்ல மாப்ள" என்றான். இதை அவனுக்காகவே இங்கே எழுதுகிறேன்.

கை முடிந்ததும் நான் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று கையை அசைத்துவிட்டு, நீங்கள் பேசியது என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். சொல்லிப் பார்த்தார், 'ழ' வரவில்லை, இரண்டாம் முறையும் முயன்றார். மறுநாள் வேறு டீலர், வேறு மேஜை. ஸ்பானிஷில் பேசிக்கொண்ட இரண்டு இளைஞர்களிடம் அதே வார்த்தைகள், அதே குரலில். அதைப் பார்த்தபோது மனதில் மிச்சமிருந்த உறுத்தலும் போனது. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் இடையில் நாங்கள் தாராளமாகத் தமிழில் பேசினோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சின்ன விஷயங்கள் சில. வென்ற சிப்ஸில் பாதியைச் சட்டைப் பையில் ஒதுக்கி வைப்பது நம் ரம்மிப் பழக்கம். இங்கே கூடாது. மேஜைக்கு வந்த சிப்ஸ், நீங்கள் எழுந்து போகும்வரை மேஜையில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் உங்களிடம் தோற்றவருக்கு அதைத் திரும்ப வெல்ல வாய்ப்பு இருக்க வேண்டும். சிப்ஸைக் குவியலுக்குள் எறியக் கூடாது, உங்கள் முன்னால் வைத்தால் டீலர் எண்ணிச் சேர்த்துக்கொள்வார். உங்கள் முறை வரும்வரை சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், நீங்கள் முந்தி விலகினால் நடுவில் இருப்பவரின் முடிவே மாறிவிடும். போன் வந்தால் எழுந்து தள்ளிப் போய்ப் பேசுங்கள்.

சாப்பாட்டு விஷயமும் ஒன்று. மாப்பிள்ளை முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தான். இரண்டு முறுக்கு சாப்பிட்ட கையோடு சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். பிளாஸ்டிக் சீட்டு, எண்ணெய் ரேகை அப்படியே பளிச்சென்று பதிந்தது. அந்தச் சீட்டை இனி முதுகைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். டீலர் உடனே மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார், அந்தக் கை முடிந்ததும் சீட்டுக்கட்டையே மாற்றினார்கள். அவனிடம் ஈரத்துணி ஒன்றைக் கொடுத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் முறுக்கு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

டீலருக்கு டிப்ஸ் கொடுக்கத் தயங்காதீர்கள். ஓரளவு பெரிய பாட் (ஒரு கையில் சேர்ந்த மொத்தப் பந்தயத் தொகை) வென்றால் ஒரு டாலர் சிப்பை அவர் பக்கம் நகர்த்துவது வழக்கம். நெவாடாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர், டீலர்களின் அடிப்படைச் சம்பளம் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் இருக்கும். தோற்றதற்கு அவரைத் திட்டாதீர்கள், சீட்டை அவர் தேர்ந்தெடுத்துப் போடுவதில்லை.

இரண்டாம் இரவு, மேஜையே வெறுத்த ஒரு செயலையும் பார்த்தேன். ஓர் இளைஞரிடம் தோற்கவே முடியாத சீட்டு. எதிரே இருந்தவர் தன் சீட்டைத் திறந்து காட்டி, வென்றுவிட்டோம் என்று நம்பிச் சிரிக்க ஆரம்பித்தார். இளைஞர் நிதானமாகப் பானத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, பெருமூச்சு விட்டு, ஒவ்வொரு சீட்டாகத் திருப்பினார். விதிப்படி குற்றமில்லை. ஆனால் ஒன்பது பேர் மேஜையில் ஒரு சத்தமும் இல்லை. டீலர் பாட் தொகையை அவர் பக்கம் தள்ளிவிட்டார், வழக்கமாகச் சொல்லும் "நைஸ் ஹேண்ட்" யார் வாயிலிருந்தும் வரவில்லை. அந்த இளைஞருக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். வென்றது உறுதியானால் உடனே சீட்டைத் திறந்துவிடுங்கள். தோற்பவருக்கு அரை நிமிடம்கூடப் பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

அறைக்குள்ளேயே கண்ணாடிச் சுவர் வைத்த தனி அறை ஒன்று உண்டு. 1978 உலகப் போக்கர் தொடர் (WSOP) வெற்றியாளர் பாபி பால்ட்வின் பெயரால் பாபீஸ் ரூம் என்று இருந்தது, பின்னர் லெஜண்ட்ஸ் ரூம் என்று மாற்றினார்கள். 1976, 1977 இரண்டு வருடமும் உலகத் தொடரை வென்ற டாயில் பிரன்சன் பல காலம் ஆடிய இடம். கழிப்பறைக்குப் போய்வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். எங்கள் மேஜையில் பார்த்த அதே அமைதி, மதிப்பில் மட்டும் வேறு சிப்ஸ்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பாட் தொகையிலிருந்தும் அறை தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வேகஸில் பொதுவாகப் பத்து சதவீதம், ஐந்து டாலரை ஒட்டிய ஒரு வரம்புக்குள். இரண்டு இரவில் நான் 140 டாலர் தோற்றேன், மாப்பிள்ளை 60 வென்றான். தோற்றால் வீட்டுக்குச் சொல்ல முடிகிற தொகையை மட்டும் கொண்டுபோகிறோம், அது எங்கள் இருவருக்கும் உள்ள ஒப்பந்தம். அறை எடுத்துக்கொண்ட பங்குக்கு எனக்குக் கிடைத்தது, சீட்டை வீசாத மேஜையும், மெதுவாக ஆடுகிறவரைக் காத்திருந்து ஆட விடுகிற டீலரும். என் அளவில் அது மலிவு. அந்த வயதான அம்மாவை எங்காவது பார்த்தால் இந்த அறையைத்தான் சொல்வேன்.

21 வயது ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கட்டாயம். மார்ச்சில் மறுபடி போகிறோம், இந்த முறை சான் டியாகோவிலிருந்து அத்தை மகனும் வருகிறான். அவனுக்கு இது முதல் தடவை. பணத்தை மேஜையில் வை, வாயால் சொல்லிவிட்டுச் சிப்பை நகர்த்து என்று இப்போதே போனில் சொல்லிவைத்திருக்கிறேன். முறுக்கு காரிலேயே இருக்கும்.