உப்புத் தண்ணீரும் ஐந்து லிட்டர் கேனும்: வெயில் சொட்டுப் பாசனம், இரண்டு கோடைக்குப் பிறகு

தட்டில் ஊற்றிய உப்புத் தண்ணீரைத் தெளிவான பிளாஸ்டிக் கேனால் மூடி, வெயிலில் ஆவியாகி உட்சுவரில் சொட்டும் நல்ல நீரைக் கன்றின் வேருக்கு விடுவதுதான் வெயில் சொட்டுப் பாசனம். கிணற்றில் நல்ல தண்ணீர் உள்ளவர்களுக்கு இது வேண்டாத வேலை. கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைப் புதைத்து நிரப்பிவிட்டால் போதும். ராமநாதபுரம் கடலோரம் மாதிரி, எங்கே தோண்டினாலும் உப்பு கரிக்கிற இடத்துக்குத்தான் இந்த முறை. அங்கே பானையின் நுண்துளைகளை உப்பு அடைத்துவிடும். இதிலோ உப்பு தட்டிலேயே தங்கிவிட, கேனின் உட்புறம் வியர்த்து வழிவது நல்ல தண்ணீர்.

ஐந்து லிட்டர் கேனின் அடியை மட்டும் வெட்டி எடுங்கள், மூடி இருக்கட்டும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டு, 12 செ.மீ. அகலம், 3 செ.மீ. ஆழம். அகல் விளக்கு மாதிரி மண்தட்டு கூடாது: உப்பு நீர் கசிந்து வேருக்கே போகும். தட்டு சாயாமலிருக்க அடியில் ஓட்டுத்துண்டு ஒன்று. தட்டின்மேல், மூடி மேலே இருக்கும்படி, கேனை வைத்து மூடி, விளிம்பு 3 செ.மீ. புதையும்படி மண் அணையுங்கள். தட்டு கேனின் சுவரைத் தொட்டால் சொட்டெல்லாம் திரும்பத் தட்டுக்கே போய்விடும். கன்று கேனுக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் நண்பகலில் வெந்துவிடும்.

எவ்வளவு கிடைக்கும்? எளிய சூரிய வடிகலன் (வெயிலில் நீரை ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிக்கும் பெட்டி) நல்ல வெயிலில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் தரும். 16 செ.மீ. அகலக் கேனின் பரப்பு 200 சதுர செ.மீ.தான், கணக்குப்படி 40 முதல் 60 மி.லி. தட்டு அதைவிடச் சிறியது, ஆவியும் கொஞ்சம் கசியும். ஆக, கால் டம்ளர் தேறினாலே அதிகம். வேம்பு, புங்கன் கன்று சாகாமல் தாங்கும். கிடுகிடுவென்று வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு கன்றுக்கு இரண்டு கேன் வைப்பது நல்லது. ஓட்டை விழுந்த 20 லிட்டர் கேன் கிடைத்தால் விடாதீர்கள், பரப்பு மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

புதுக் கேனில் நீர் முத்துமுத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும், வழியாது. உட்புறத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் சரியாகும். மூடி வழியே புனல் வைத்து வாரம் ஒருமுறை கால் லிட்டர் ஊற்றலாம். ஆனால் மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் தட்டில் வெள்ளையாக உப்பு படிந்து வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கடல்நீர் என்றால் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதனால் அவ்வப்போது மாலையில் கேனைத் தூக்கி, மிச்சத்தைக் கன்றிலிருந்து தள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். தட்டு அங்கேயே கவிழ்ந்தால் அந்தக் கன்றை மறந்துவிட வேண்டியதுதான்.

வெளியே படியும் புழுதியைத் துடைக்க மறந்தால் சொட்டு குறையும். ஆடு மேயும் இடமானால் சுற்றி முள் போடுங்கள். கேன் முதல் கோடையைத் தாங்கும். இரண்டாவதில் மங்கி, விளிம்பு மொறுமொறுவென்று உடையும். ஐப்பசி மழை பிடித்ததும் எடுத்துக் கழுவி நிழலில் வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் வரும்.