பீரியட்ஸ் வயிற்றுவலிக்கு ரப்பர் வெந்நீர்ப் பை: ஐந்துக்கு நாலு

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக வாங்கிய இரண்டு லிட்டர் ரப்பர் பை இது. கரண்டில் சூடேறும் ஜெல் பையையும் மருந்துக்கடைக்காரர் எடுத்துக் காட்டினார். கரண்ட் போனால் அது உதவாது என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

பீரியட்ஸ் முதல் நாளில் அவளுக்கு அடிவயிற்றில் பிடிக்கும் வலி இடுப்பைச் சுற்றித் தொடை வரை இறங்கும். புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கருப்பைத் தசையை இறுக்குவதால் வருவது அது. சூடு அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய 39 டிகிரி சூட்டை வயிற்றில் தொடர்ந்து தரும் பட்டை, இபுபுரோஃபன் மாத்திரை அளவுக்கே வலியைக் குறைத்தது. ஆக, இதமான சூடே போதும். தோல் சிவக்கச் சுட வேண்டியதில்லை.

கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டுத்தான் ஊற்றுகிறேன். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். பையை மெல்ல அழுத்தினால் தண்ணீர் கழுத்து வரை ஏறி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். அப்போதே மூடியைத் திருகிவிட வேண்டும். காற்று தங்கினால் பை உப்பிக்கொண்டு வயிற்றில் படியாமல் நழுவும். மேலுறை இல்லாத பை என்றால் துண்டில் சுற்றி வையுங்கள். அதன் மேல் குப்புறப் படுக்கவோ, வைத்தபடியே தூங்கவோ விடாதீர்கள்.

குறை எடைதான். "அம்மா, கனமா அழுத்துது" என்றாள். இப்போது பாதிதான் நிரப்புகிறேன். சின்னப் பெண்களுக்கு ஒரு லிட்டர் பையே சரி. புது ரப்பர் வாடையும் கொஞ்ச நாள் இருந்தது. பள்ளிக்கு எடுத்துப் போகவும் முடியாது.

கூடவே சுக்குக் காபி உண்டு. மற்ற நாள்களில் சாயங்காலம் வேக நடையும் சேர்த்திருக்கிறோம். தொடர்ந்த உடற்பயிற்சி இந்த வலியைக் குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மாதாமாதம் பள்ளிக்கு லீவு போட வைக்கும் வலி, போகப் போகக் கூடும் வலி, அளவு மீறிய உதிரப்போக்கு என்றால் பையை நம்பி உட்காராதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) வளரிளம் பெண்களுக்கும் வரும். மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே பச்சைத்தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். மூடிக்குள் இருக்கும் வாஷர் சரியாக உட்காராவிட்டால் அங்கேதான் கசியும்.