ஏரியலை மாற்றிய பிறகும் விழுங்கப்படும் சொற்கள்: எச்டி ரேடியோவுடன் ஐந்து ஆண்டுகள்

காரின் கூரையில் இருந்த ஏரியலின் அடிப்பாகத்தில் நீர் இறங்கித் துருப்பிடித்ததால், சென்ற மாதம் அதையும் அதனுள் இருந்த சிக்னல் பெருக்கியையும் சேர்த்தே மாற்ற வேண்டியதாயிற்று. அனலாக் ஒலியோடு அதே அலைவரிசையில் டிஜிட்டல் ஒலியையும் அனுப்பும் வானொலி முறையான எச்டி ரேடியோவில் ஐந்து ஆண்டுகளாக என்னை வாட்டிவந்த குறை அத்துடன் தீர்ந்துவிடும் என்று நம்பினேன்; தீரவில்லை. தன் காரிலும் இதே வானொலிப் பெட்டியைப் பொருத்தலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருப்பதால், அந்தக் குறையை விரிவாகவே எழுதுகிறேன்.

டிஜிட்டல் சிக்னல் தளரும் இடங்களில் பெட்டி தானாகவே அனலாக் ஒலிக்கு மாறும்; சிக்னல் வலுத்ததும் டிஜிட்டலுக்குத் திரும்பும். இந்த மாற்றம் காதுக்குத் தெரியக் கூடாது. நான் அன்றாடம் கேட்கும் நிலையத்திலோ அது ஒவ்வொரு முறையும் தெரிகிறது. எந்தச் சாலை மூடப்பட்டிருக்கிறது என்று அறிவிப்பாளர் சொல்லும் கணத்தில் கார் மேம்பாலத்தின் அடியில் நுழைந்தால், சாலையின் எண் விழுங்கப்பட்டு, மூடப்பட்ட செய்தி மட்டும் வந்து சேர்கிறது. பாலத்தைத் தாண்டியதும் சொன்ன சொல்லே மறுபடி ஒலிக்கிறது.

டிஜிட்டல் ஒலி பெட்டியில் விரிந்து வெளிவரச் சுமார் 8 விநாடி பிடிப்பதால், நிலையம் தன் அனலாக் ஒலியையும் அதே அளவு வேண்டுமென்றே தாமதித்து அனுப்ப வேண்டும். அந்தத் தாமதம் சற்றுக் குறைந்தாலும் அனலாக் முந்திக்கொள்ளும். சொற்கள் விழுங்கப்படுவது அதனால்தான். வேறொரு நிலையத்தை வைத்துக்கொண்டு அதே பாலத்தைப் பலமுறை கடந்து பார்த்தேன். ஒலியில் ஒரு தையல்கூடத் தெரியவில்லை. ஆகவே பெட்டியின் மீது பழி சொல்வது நியாயமாகாது. நிலையத்துக்கு எழுதினேன், இரண்டு வாரம் சரியாக இருந்தது, பிறகு மீண்டும் நழுவிவிட்டது. விளையாட்டு நேரலையின்போது, மைதானத்தில் வானொலியுடன் அமர்ந்திருப்பவர்களுக்காகச் சில நிலையங்கள் தாமதத்தை நீக்கிவிடுவதும் உண்டு; அதன் நியாயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் இந்தப் பாலத்தடியில் டிஜிட்டல் ஏன் இவ்வளவு எளிதில் அறுந்துபோக வேண்டும் என்ற கேள்விக்கு விடை விதிமுறைகளில் இருக்கிறது. ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமெரிக்காவின் எஃப்சிசி ஆணையம் 2002இல் இம்முறையை அனுமதித்தபோது, பண்பலையில் டிஜிட்டல் பகுதியின் ஆற்றல் அனலாக் ஆற்றலில் 1 சதவீதமாக மட்டுமே இருந்தது. டிஜிட்டல் அலைகள் அனலாக்கின் இரு ஓரங்களிலும் அமர்ந்திருப்பதால், ஆற்றலைக் கூட்டினால் அடுத்த அலைவரிசையில் இருப்பவருக்கு இரைச்சல் ஏறும் என்ற அச்சம் இருந்தது. 2010இல் 10 சதவீதம் வரை கூட்ட வழி திறந்தபோதும், அண்டை நிலையத்தைப் பொறுத்த வரம்புகள் தொடர்ந்தன. மத்திய அலையில் இந்த நெருக்கடி இன்னும் கடுமை. அங்கே 2020இல் முழு டிஜிட்டல் ஒலிபரப்பும் அனுமதிக்கப்பட்டது. அப்படி மாறும் நிலையத்தைப் பழைய பெட்டியில் திருப்பினால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். பண்பலையைத் தேசிய அளவிலான வானொலிகளிலிருந்து 2017இல் விலக்கி டிஜிட்டலுக்கு மாறிய நார்வேயின் வழி துணிச்சலானது. அனலாக், டிஜிட்டல் இரண்டையும் ஒரே அலைவரிசையில் குடிவைப்பவர்கள் அந்தத் துணிச்சலுக்குப் பதில் பொறுமையைக் கேட்கிறார்கள். அந்தப் பொறுமையை வானொலி நேயர்களிடமிருந்தே வாங்குகிறார்கள்.

இத்தனைக்கும் இந்தப் பெட்டி எனக்குத் தந்த மகிழ்ச்சி பெரிது. அதே அலைவரிசையில் ஒளிந்திருக்கும் எச்டி 2 துணைச்சேவையில், இரவு நேரத்தில் தனி வயலின் இசை வரும். வில் நரம்பைவிட்டு எழும் கணத்தில், இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே, இரைச்சலே இல்லாத அமைதி இருக்கும். பண்பலையில் அந்த அமைதியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. துணைச்சேவைக்கு அனலாக் துணை கிடையாது. சிக்னல் போனால் ஒலி அப்படியே அறுந்துவிடும். திக்கித் திக்கி வரும் சொற்களைவிட அந்த முழு மௌனத்தை என்னால் எளிதாகப் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். செய்தி கேட்பதற்காகத்தான் அவர் கேட்கிறார். செய்தியில்தான் இது தடுக்கிவிழுகிறது. நான் காலையில் அமைப்புகளுக்குள் சென்று எச்டியை அணைத்துவிட்டு அனலாக்கில் செய்தி கேட்கிறேன். இரவில் வயலினுக்காக மறுபடி போடுகிறேன்.